பொற்காசும் கள்ளக்காசும்: கிறிஸ்தவ நூல்களை நாம் வாசிக்கும் முறை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது வாழ்வின் இறுதி ஆண்டுகளில் எழுதிய ‘அல்முன்கித் மினள் ழலால்’ என்னும் தன்வரலாற்று நூலில் ஓர் எடுத்துக்காட்டைக் கையாளுகிறார். வணக்கத்திற்குரியவன் அல்லாஹ் ஒருவனே என்றும், ஈஸா அவனுடைய தூதர் என்றும் ஒரு கிறிஸ்தவர் சொல்லக் கேட்ட ஒருவன், ‘இது கிறிஸ்தவனின் பேச்சு’ என்று அவ்விரண்டையும் மறுத்து விடுகிறான். அந்தக் கிறிஸ்தவர் நம்மிடமிருந்து வேறுபடுவது இந்தக் கூற்றினாலா, அல்லது முஹம்மத் நபி (ஸல்) அவர்களின் தூதுத்துவத்தை ஏற்காததினாலா என்று அவன் ஒரு கணமும் நின்று எண்ணுவதில்லை. சொன்னவரை வைத்துச் சொல்லை அளக்கும் இப்பழக்கத்தை அறிவு குன்றியோரின் பழக்கம் என்று இமாம் கண்டிக்கிறார். ஹிஜாமா செய்பவரின் குவளையில் தேனை ஊற்றிவிட்டால் தேன் அசுத்தமாகிவிடுமா என்பது அவர் தொடுக்கும் வினா.

எனினும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. மறுப்பதிலுள்ள தீங்கைச் சொன்ன அதே மூச்சில் ஏற்பதிலுள்ள தீங்கையும் சொல்கிறார். கைதேர்ந்த நாணயப் பரிசோதகன் கள்ளக்காசு அடிப்பவனின் பைக்குள் கைவிட்டு நல்ல பொற்காசைப் பொறுக்கி எடுக்கலாம். அவனுக்கு அதில் ஆபத்தில்லை. காசறியாத நாட்டுப்புறத்தானை அந்தப் பையின் அருகே விடலாகாது. பாம்புப் பிடாரன் தன் சிறு மகன் பார்த்திருக்கப் பாம்பைத் தொடக்கூடாது என்றும் எச்சரிக்கிறார். கிரேக்கத் தத்துவ நூல்களைக் குறித்துச் சொல்லப்பட்டவை இவை. கிறிஸ்தவ இறையியலையும் வாழ்க்கை வரலாறுகளையும் இலக்கியத்தையும் நாம் எப்படி அணுகுவது என்ற வினாவுக்கும் இவை அப்படியே பொருந்துகின்றன. தமிழ் கூறும் முஸ்லிம்களாகிய நமக்கு இது ஏட்டளவிலான வினாவும் அன்று. நாம் பயின்ற பள்ளிகளில் பல கிறிஸ்தவத் திருச்சபைகள் நிறுவியவை. நாம் புரட்டும் அகராதிகளில் பல கிறிஸ்தவப் பாதிரிமார் தொகுத்தவை. தமிழ் உரைநடை வளர்ந்த வரலாற்றில் அவர்களுடைய அச்சகங்களுக்கு ஒதுக்க முடியாத இடம் உண்டு. அந்தப் பைக்குள் நம் கை ஏற்கெனவே இருக்கிறது. காசைச் சோதிக்கத் தெரியுமா என்பதே எஞ்சிய கேள்வி.

முதலில் நமது குறையை ஒப்புக்கொள்வோம். கிறிஸ்தவம் பற்றி நாம் விரும்பி வாசித்தவற்றுள் பெரும்பகுதி விவாத மேடைக்கு ஆயுதம் தேடி வாசித்தவையாகும். பைபிளின் முரண்பாடுகள், திருத்துவத்தின் தர்க்கக் குறைபாடுகள் என இரண்டொரு சிறு நூல்களோடு நமது ஆர்வம் முடிந்து விடுகிறது. இத்தகைய வாசிப்பின் விளைவு என்னவென்பதை நாம் ஒருமுறை நேரில் அனுபவித்தோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கலந்துரையாடலில், ‘பர்னபா சுவிசேஷம்’ என வழங்கும் நூலை ஆதாரமாகக் காட்டி, ஈஸா (அலை) அவர்களின் உண்மையான போதனை இதுவே, திருச்சபை இதனை மறைத்து வைத்திருந்தது என்று மிக உறுதியாகப் பேசினோம். அவையிலிருந்த ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் அமைதியாக ஒரு வினாவைக் கேட்டார்: உங்கள் குர்ஆன் ஈஸாவை மஸீஹ் என்று அழைக்கிறது அல்லவா? இந்த நூலில் அவரே தாம் மஸீஹ் அல்ல என்று மறுக்கிறாரே, இரண்டில் எதை நீங்கள் நம்புகிறீர்கள்? நம்மிடம் விடை இருக்கவில்லை. நாம் அந்நூலை முழுமையாக வாசித்திருக்கவுமில்லை.

பின்னர் வாசித்தோம். வாசித்தபோது வெட்கம் கூடியது. ஸூரா ஆலு இம்ரானின் 45ஆம் வசனத்தில் வானவர்கள் மர்யம் (அலை) அவர்களுக்கு நற்செய்தி சொல்லும்போதே மஸீஹ் என்ற பெயர் வந்துவிடுகிறது. பர்னபா நூலோ அப்பட்டத்தை ஈஸா (அலை) அவர்களிடமிருந்து நீக்கி, வரவிருக்கும் இறுதித் தூதருக்குச் சூட்டுகிறது. நம் நபியைப் புகழ்வதால் நமது செவிக்கு அது இனித்தது; குர்ஆனுக்கு அது முரணானது என்பதை அந்த இனிமை மறைத்து விட்டது. மர்யம் (அலை) அவர்கள் வலியின்றி மகனைப் பெற்றார் என்கிறது அந்நூல். ஸூரா மர்யமோ பிரசவ வேதனை அவரைப் பேரீச்ச மரத்தடிக்கு உந்திச் சென்றதையும், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என அவர் ஏங்கியதையும் சொல்கிறது. வலியற்ற பிரசவம் என்பது இடைக்காலக் கத்தோலிக்கர் போற்றிய நம்பிக்கை. நாசரேத்துக்குப் படகில் செல்லலாம் என எண்ணிய ஆசிரியர் பாலஸ்தீனத்தைக் கண்டவராக இருக்க முடியாது. நாசரேத் கடலும் ஏரியும் இல்லாத மலைநாட்டு ஊர். யூபிலி ஆண்டு நூறாண்டுக்கு ஒருமுறை வருவதாகவும் அதில் சொல்லப்படுகிறது. பழைய ஏற்பாட்டில் அது ஐம்பதாண்டுக்கு ஒருமுறை. நூறாண்டு என்ற கணக்கு 1300இல் எட்டாம் போனிபஸ் என்ற போப்பாண்டவரால் கொண்டுவரப்பட்டு, சில பத்தாண்டுகளிலேயே ஐம்பதாகக் குறைக்கப்பட்டது. வியன்னாவிலுள்ள இத்தாலிய மொழிக் கையெழுத்துப் பிரதியை ராக் தம்பதியர் 1907இல் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். மறு ஆண்டே ரஷீத் ரிழா அதன் அரபு மொழிபெயர்ப்பைக் கெய்ரோவில் வெளியிட்டார். நம் உலகில் அதன் புகழ் அங்கிருந்து தொடங்குகிறது. இஸ்னாத் இல்லாத ஒரு ஹதீஸைக் கண்டால் நூறு வினாக்கள் எழுப்பும் நாம், நமக்குச் சாதகமான ஒரு நூலிடம் ஒரு வினாவையும் எழுப்பவில்லை.

எதிர்ப்பவரின் நூலைக் கூர்ந்து பார்ப்பது எளிது. நம்மைப் புகழும் நூலைக் கூர்ந்து பார்ப்பதே கடினம். இக்கட்டுரையில் நாம் மீண்டும் மீண்டும் திரும்பி வரவிருக்கும் இடம் இதுதான்.

நம் முன்னோரிடம் வேறு வகையான வாசிப்பு இருந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யஃகூபி, நான்கு சுவிசேஷங்களும் ஈஸா (அலை) அவர்களின் வரலாற்றை எவ்வாறு கூறுகின்றன என்பதைத் தனித்தனியே சுருக்கித் தந்திருக்கிறார். அல்பிரூனி கிறிஸ்தவப் பிரிவினரின் பண்டிகைகளையும் காலக்கணிப்பையும், அவர்களே ஏற்கத்தக்க வகையில் விவரித்தார். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த புர்ஹானுத்தீன் அல்பிகாஈ தமது தஃப்ஸீரில் தவ்ராத்தையும் இன்ஜீலையும் நீளமாக எடுத்தாண்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அவர் தம் நிலையை விளக்கித் தனியொரு நூலே எழுத நேர்ந்தது. உமர் (ரழி) அவர்கள் கையில் வேத ஏட்டைக் கண்டு நபியவர்கள் அதிருப்தியுற்ற செய்தியை எதிர்த்தரப்பினர் காட்டினார்கள். பனூ இஸ்ராயீல்களிடமிருந்து அறிவிப்பதில் குற்றமில்லை என்ற செய்தியும், வேதக்காரர்களின் கூற்றை உண்மையென்றோ பொய்யென்றோ முடிவுகட்ட வேண்டாம் என்ற செய்தியும் மறுபுறம் இருந்தன. இந்த இழுபறி இன்றுவரை தீர்ந்ததன்று. தீராமலிருப்பதே நலம் என்றும் தோன்றுகிறது. ஏனெனில் இரு பக்கத்துச் செய்திகளும் வாசகனை விழிப்புடன் வைத்திருக்கின்றன.

மறுபக்கத்திலும் தவறான வாசிப்பு நிகழ்ந்ததை இடைக்குறிப்பாகச் சொல்லலாம். தத்துவவாதிகளை மறுக்க விழைந்த கஸ்ஸாலி, அதற்கு முன்னோடியாக அவர்களுடைய கருத்துகளை நடுநிலையோடு தொகுத்து ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’வை எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோவில் அது லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, நோக்கத்தைச் சொல்லும் முன்னுரை இன்றியே பெரும்பாலும் பரவியது. ஆகவே ஐரோப்பிய இறையியலாளர் பலர் அவரை இப்னு ஸீனாவின் சீடர் என்றே எண்ணினர். முன்னுரையை வாசியாததன் விலை அது.

இனி இறையியலுக்கு வருவோம். அகஸ்தீனைப் பற்றி நம்மிடையே உள்ள அறிமுகம் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: குழந்தை பாவத்தோடு பிறக்கிறது என்று சொன்னவர். இதற்கு எதிராக ஃபித்ரா பற்றிய ஹதீஸை எடுத்துச் சொல்லிவிட்டு நாம் வெற்றியோடு திரும்பி விடுகிறோம். இன்றைய அல்ஜீரியாவின் ஸூக் அஹ்ராஸில் 354இல் பிறந்து, இன்றைய அன்னாபாவில் 430இல் மறைந்த இந்த வட ஆப்பிரிக்கரின் ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலை வாசிப்பவருக்கு விடயம் இவ்வளவு எளிதன்று என்பது விளங்கும். இளமையில் தோழர்களோடு அடுத்தவர் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதை அவர் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசியில்லை, பழமும் சுவையானதன்று, பன்றிகளுக்கு எறிந்து விட்டார்கள். பின் எதற்காகத் திருடினோம்? தீமை என்பதற்காகவே தீமையை விரும்பும் ஒன்று உள்ளத்தில் இருக்கிறதா? இந்த வினா நம்முடையதும் ஆகும். ஸூரா யூஸுஃபில் தீமையைத் தூண்டும் நஃப்ஸ் பற்றிய கூற்றை ஓதும் நாம், மனிதன் பிறவியிலேயே நல்லவன், ஆகவே இவ்வினாவுக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. ஃபித்ரா என்பது சாய்வற்ற நிலை அன்று.

நாம் பிரியும் இடம் வேறு. அந்தச் சாய்வை ஆதமிடமிருந்து வழிவழியாக வந்த குற்றமாகக் கொண்டு, அதிலிருந்து மீளும் ஆற்றல் மனித முயற்சியில் இல்லையென அகஸ்தீன் முடிக்கிறார். பெலாஜியஸுடன் நடந்த நெடிய விவாதத்தில் இக்கருத்து மேலும் இறுகியது. அல்குர்ஆனில் ஆதம் (அலை) அவர்கள் தம் இறைவனிடமிருந்தே சொற்களைக் கற்றுப் பாவமன்னிப்புக் கோருகிறார், அது ஏற்கப்படுகிறது, கணக்கு அங்கேயே தீர்ந்து விடுகிறது. ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை. நோயைப் பற்றிய அவதானிப்பில் நெருங்கி, நோயின் வரலாற்றிலும் மருந்திலும் விலகுகிறோம். இதனை அறிந்து சொல்லும் மறுப்பு அகஸ்தீனை வாசித்த கிறிஸ்தவருக்கும் பொருட்படுத்தத்தக்கதாக இருக்கும். அகஸ்தீனின் நூலையும் ‘முன்கித்’தையும் ஒப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒப்பிடுவோர் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது: அகஸ்தீன் தொடக்கம் முதல் இறைவனையே விளித்துப் பேசுகிறார்; கஸ்ஸாலி தம்மிடம் வினவிய ஒரு மார்க்கச் சகோதரருக்கு விடையளிக்கிறார். முன்னது முறையீடு, பின்னது அறிவுரை. உள்ளத்தின் எந்தப் பகுதி வெளியே வரும் என்பதை இந்த வடிவமே தீர்மானிக்கிறது.

வாழ்க்கை வரலாறுகளில் நமது கவனத்திற்கு மிகவும் உரியது அசிஸி நகர் பிரான்சிஸின் வரலாறு. 1219இல், ஐந்தாம் சிலுவைப் போர் நடந்துகொண்டிருக்கையில், எகிப்தின் திம்யாத் நகரைச் சிலுவைப் படையினர் முற்றுகையிட்டிருந்தனர். அப்போது பிரான்சிஸ் ஒரேயொரு தோழருடன் எல்லை கடந்து, ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரர் மகனான சுல்தான் அல்மலிகுல் காமிலின் பாசறைக்குச் சென்றார், உயிரோடு திரும்பினார். இவ்வளவுதான் உறுதியானது. என்ன பேசினார்கள் என்பதிலேயே கதை வளரத் தொடங்குகிறது.

இங்கே நமது ஹதீஸ் கலை நமக்குக் கைகொடுக்கிறது. நிகழ்ச்சிக்கு மிக அருகிலுள்ள அறிவிப்பாளர் அக்கா நகர ஆயர் ஜாக் தெ வித்ரி. அவரும் அப்போது திம்யாத்தில் சிலுவைப் படையினரோடு இருந்தார். 1220இல் எழுதிய கடிதத்தில், பிரான்சிஸ் சில நாட்கள் போதித்தார், பலன் மிகக் குறைவு என்றும், இறைவனுக்கு உகந்த மார்க்கம் எதுவோ அதில் தன்னை நிலைக்கச் செய்யும்படி பிரார்த்திக்குமாறு சுல்தான் தனியே கேட்டுக்கொண்டார் என்றும் மட்டுமே சொல்கிறார். ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பின், பிரான்சிஸ் புனிதராக அறிவிக்கப்பட்ட வேளையில் எழுதிய செலானோ நகர் தாமஸ், காவலர்கள் அடித்தனர், சுல்தானோ கண்ணியப்படுத்திப் பரிசுகள் அளித்தார், பிரான்சிஸ் அவற்றை ஏற்கவில்லை என்று விரிக்கிறார். நாற்பதாண்டுகள் கழித்து, சபையின் தலைவரான பொனவெந்தூரா எழுதிய வரலாற்றில்தான் நெருப்புச் சோதனை முதன்முறையாக நமக்குத் தெளிவாகத் தென்படுகிறது. நெருப்பை மூட்டுங்கள், உங்கள் மார்க்க அறிஞர்களும் நானும் அதில் இறங்குவோம் என்று பிரான்சிஸ் அறைகூவ, அறிஞர்கள் நழுவுகின்றனர். அசிஸி தேவாலயத்தில் ஜியோட்டோ தீட்டியதாகச் சொல்லப்படும் சுவரோவியத்தில் நம் ஃபகீஹ்கள் முகம் திருப்பி விலகிச் செல்வதை இன்றும் காணலாம். தாந்தே தம் காவியத்தில் அந்தச் சுல்தானுக்குக் கர்வம் மிக்கவர் என்ற அடைமொழியைத் தருகிறார். பிரார்த்திக்கக் கேட்டுக்கொண்ட அந்த மனிதரைப் பற்றியா இவ்வாறு என்று வியக்கத் தோன்றுகிறது. மேலும் ஒன்று: 1266இல் பாரிஸில் கூடிய சபையின் மாமன்றம், பொனவெந்தூராவின் நூல் தவிர்ந்த பழைய வரலாறுகளை அழித்துவிடுமாறு ஆணையிட்டது. பிற மடங்களில் எஞ்சிய பிரதிகளாலேயே தாமஸின் நூல் பிழைத்தது. பிந்திய அறிவிப்பு முந்தியதை எவ்வாறு விழுங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆனால் இதைச் சொல்லி மகிழ்ந்துவிட்டு நாம் அகல முடியாது. நெருப்பிலிறங்கும் கதையை ஐயுறும் அளவுகோல் நம் இறைநேசர்களின் மனாகிப் நூல்களுக்கும் உரியது. காலத்தால் பிந்தப் பிந்தக் கராமத்துகள் பெருகுவதை நாகூரார் பற்றிய தமிழ் நூல்களைக் காலவரிசையில் அடுக்கி வாசிப்பவர் எவரும் காணலாம். அங்கே கண்ணை மூடிக்கொள்பவருக்கு அசிஸியில் கண்ணைத் திறக்க உரிமையில்லை.

நம் காலத்தில் இச்சந்திப்பு வேறொரு திசையில் வளர்ந்திருக்கிறது. பிரான்சிஸ் சமாதானத் தூதராகச் சென்றார், சமய உரையாடலின் முன்னோடி அவர் என்று இன்று எழுதப்படுகிறது. 2019இல், அந்நிகழ்ச்சியின் எண்ணூறாம் ஆண்டில், 2025இல் மறைந்த போப் பிரான்சிஸும் அல்அஸ்ஹர் தலைவர் அஹ்மத் அத்தய்யிபும் அபூதாபியில் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையொப்பமிட்டபோது இச்சித்திரம் மேலும் ஒளி பெற்றது. அந்த ஆவணத்தை நாம் மதிக்கிறோம். எனினும் முதல் அறிவிப்பில் உள்ள பிரான்சிஸ் மதமாற்றும் நோக்கோடு, உயிர்த்தியாகத்திற்கும் ஆயத்தமாகச் சென்றவர். அவர் இறைவனைப் பல பெயர்களால் போற்றி எழுதிய துதி அஸ்மாஉல் ஹுஸ்னாவின் எதிரொலி என்றும், மாலைதோறும் மக்களை இறைதுதிக்கு அழைக்குமாறு ஆட்சியாளர்களுக்கு எழுதியது பாங்கோசையைக் கேட்டதன் விளைவு என்றும் சொல்கிறார்கள். நமக்குக் கேட்க இனிமையாக இருக்கிறது. பர்னபாவும் அப்படித்தான் இனித்தது. இவை நடந்திருக்கக்கூடியவை, நடந்தவை என்பதற்குச் சான்றில்லை. மாபெரும் அறிஞரான லூயி மஸிஞ்ஞோன்கூட நெருப்புச் சோதனையை நஜ்ரான் கிறிஸ்தவர்களுடனான முபாஹலாவோடு இணைத்துப் பார்த்தார். கெய்ரோவில் அடங்கியுள்ள ஃபக்ருத்தீன் அல்ஃபாரிஸியின் பெயரோடு ஒரு துறவியின் விவகாரம் பேசப்படுவதை அவர் பிரான்சிஸுக்குரியதாகக் கொண்டார். அத்துறவி வேறொருவர் என்போரும் உண்டு.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று பிரான்சிஸின் சொந்த எழுத்திலேயே இருக்கிறது. 1221இல் அவர் தம் சபைக்கு வகுத்த விதியின் பதினாறாம் அதிகாரம் முஸ்லிம்களிடையே செல்லும் சகோதரர்களைப் பற்றியது. அவர்கள் வாழ இரு வழிகள் உண்டு. ஒன்று, சச்சரவும் வாதமும் தவிர்த்து, இறைவனுக்காக எல்லா மனிதர்க்கும் பணிந்து, தாம் கிறிஸ்தவர் என்பதை மட்டும் சொல்லி வாழ்வது. மற்றது, இறைவன் விரும்புவதாகக் கண்டால் வெளிப்படையாகப் போதிப்பது. முதல் வழி முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதே நம்மை நிறுத்துகிறது. 1220இல் மராகிஷ் நகரில் அவருடைய சபைச் சகோதரர் ஐவர் வெளிப்படையாக இஸ்லாத்தை இகழ்ந்து கொல்லப்பட்ட மறு ஆண்டில் எழுதப்பட்ட விதி இது. படைகள் மோதிய ஒரு களத்தைக் கடந்து வந்த மனிதரின் அனுபவம் இவ்வரிகளில் படிந்திருக்கிறது என்று நாம் கருதுகிறோம். நெருப்புக் கதையில் கிடைக்காத பிரான்சிஸ் இங்கே கிடைக்கிறார்.

நம் நாட்டிலும் இதையொத்த ஒரு கதை உண்டு. வீரமாமுனிவர் மிகக் குறுகிய காலத்தில் பாரசீகமும் உருதுவும் பயின்று திருச்சிராப்பள்ளி ஆண்ட சந்தா சாஹிபைச் சந்தித்தார். அவரது புலமையை வியந்த நவாப் ‘இஸ்மத்தி சன்னியாசி’ என்ற பட்டமும் ஊர்களும் அளித்துத் திவானாக்கிக் கொண்டார் என்பது அக்கதை. முஸ்லிம் ஆட்சியாளரின் பெருந்தன்மைக்குச் சான்றாக நம்மவர் இதை எடுத்தாளுவதுண்டு. இதன் மூலம், முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழித்து 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு. திவான் பதவியைப் பின்வந்த கிறிஸ்தவ ஆய்வாளர்களே ஐயுற்றிருக்கின்றனர். அவர்களுடைய நேர்மையைவிட நம்முடையது குறைந்திருக்க வேண்டியதில்லை.

அதே முனிவரின் தேம்பாவணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் முஸ்லிம் வாசகர் அதிகம் தொடாத ஒரு பெருங்காப்பியம் அது. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல் கொண்டது. 1726இல் இயற்றப்பட்டது. காப்பியத் தலைவர் மர்யமின் கணவராகக் கிறிஸ்தவ மரபு கூறும் சூசை. அவரை முனிவர் வளன் என்று தமிழாக்கினார். சீறாப்புராணத்தில் ஊறியவர்க்கு இக்காப்பியத்தின் தொடக்கம் அந்நியமாகத் தோன்றாது. உமறுப் புலவர் அரபு மண்ணில் ஆறு பாயவைத்து நெல் விளைவித்ததைப் போலவே, முனிவர் யூதேயாவை மருத நிலமாக்கினார். இருவரும் கம்பனிடம் கற்ற மாணாக்கர். ஒருவர் தமிழ் மண்ணில் வளர்ந்தவர், மற்றவர் இத்தாலியிலிருந்து வந்தவர் என்பதைச் செய்யுளை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது. மொழி ஆளுமையில் முனிவர் எள்ளளவும் குறைந்தவரல்லர். சில படலங்களில் வேண்டுமென்றே சொல்லடுக்கு மிகுந்து களைப்பூட்டுகிறார் என்பதும் உண்மை.

நூலின் மூலத்தை அறிவது இங்கும் பயன்தரும். சுவிசேஷங்களில் சூசையைப் பற்றிய செய்தி மிகச் சொற்பம். முனிவர் பெரிதும் சார்ந்தது அக்ரேதா நகர் மரியா என்ற ஸ்பானியத் துறவியின் தரிசன நூலை. அத்துறவி மறைந்தபின் 1670இல் வெளியான அந்நூல் 1681இல் திருச்சபையின் தடைப் பட்டியலில் சிறிது காலம் இடம்பெற்றது. ஆகவே தேம்பாவணியில் காண்பதையெல்லாம் ‘கிறிஸ்தவர்களின் நம்பிக்கை’ என்று எடுத்துரைப்பது பிழையாகும். மனாகிப் நூலொன்றை வைத்து நமது அகீதாவை அளப்பவரிடம் நாம் இதையேதான் சொல்வோம்.

கொள்கையளவில் நமக்கு ஒவ்வாதவை இதில் உண்டு. இறைவன் மகவாய்ப் பிறந்தான் என்பதே காப்பியத்தின் அச்சு. அதனை ஏற்க இயலாது என்பதை மறைத்துக்கொண்டு, இலக்கியம்தானே என்று தலையாட்டுவது நேர்மையன்று. ஆசிரியருக்கும் அது அவமரியாதை, அவர் நம்பியே பாடினார். வளனும் மரியாளும் இல்லறத்திலேயே துறவறம் காத்தனர் என்பதைக் காப்பியம் உச்சமாகப் போற்றுகிறது. திருமணம் நபிவழியெனக் கொள்ளும் நமக்கு அது உச்சமாகத் தோன்றாது. அங்கும் நாம் அவசரப்படத் தேவையில்லை. ஸூரா அல்ஹதீத் துறவறத்தை அவர்களாகவே ஏற்படுத்திக் கொண்டது என்று சொல்லும்போதே, இறைதிருப்தியை நாடியே அதனைச் செய்தனர் என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்வதாக முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கியுள்ளனர்.

நம்மை மிகவும் ஆழ்ந்து வாசிக்க வைத்தது வளனின் ஐயம். மரியாள் கருவுற்றிருப்பதைக் கண்டு அவர் படும் துயரை முனிவர் விரிவாகப் பாடுகிறார். மனைவியின் தூய்மையில் ஐயமில்லை, கண் காண்பதையும் மறுக்க முடியவில்லை. குற்றஞ்சாட்ட நா எழவில்லை, நீங்கிச் செல்லவும் மனமில்லை. தமிழ்க் காப்பியங்களில் கணவரின் ஐயம் எத்தகைய முடிவுகளுக்கு இட்டுச் சென்றிருக்கிறது என்பதை அறிந்த வாசகர் இங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இவ்வைய நாடகத்துக்கு அல்குர்ஆனில் இடமே இல்லை. ஸூரா மர்யமில் கணவர் என ஒருவர் இல்லை. மர்யம் (அலை) தனியே பேரீச்ச மரத்தடியில் இருக்கிறார், தனியே குழந்தையைச் சுமந்து ஊருக்குள் வருகிறார். பழி ஊரிலிருந்து வருகிறது. விடை தொட்டில் குழந்தையிடமிருந்து வருகிறது. ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க ஆடவர் எவருடைய சாட்சியும் தேவைப்படாத அந்தக் காட்சியின் கனம், தேம்பாவணியை வாசித்துவிட்டு ஸூரா மர்யமுக்குத் திரும்பியபோதுதான் நமக்கு முழுமையாக உறைத்தது. சிறு வயது முதல் ஓதி வந்த ஸூராவில் நாம் கவனியாதிருந்ததை ஒரு கிறிஸ்தவ முனிவரின் காப்பியம் கவனிக்க வைத்தது.

சூசை நம் மரபில் முற்றிலும் இல்லாதவரும் அல்லர். இமாம் தபரி, வஹ்ப் இப்னு முனப்பிஹ் வழியாக வந்த ஒரு நீண்ட செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். அதில் மர்யமுடன் பள்ளியில் பணிபுரிந்த உறவினரான தச்சர் யூஸுஃப், அவருடைய நிலையைக் கண்டு கலங்கி, கேட்கவும் தயங்கி, இறுதியில் சுற்றிவளைத்து வினவுகிறார்: விதையின்றிப் பயிர் முளைக்குமா? மழையின்றி மரம் வளருமா? தந்தையின்றிக் குழந்தை பிறக்குமா? மர்யமின் விடைகள் தயக்கமின்றி வருகின்றன. முதல் பயிரை இறைவன் விதையில்லாமலேயே படைத்தான். முதல் மரத்தை மழையில்லாமலேயே வளர்த்தான். ஆதமையும் அவர் துணைவியையும் தந்தையும் தாயும் இன்றியே படைத்தான். இஸ்ராயீலிய்யாத் வகையைச் சார்ந்த இச்செய்தியை உண்மையென்றோ பொய்யென்றோ நாம் முடிவுகட்டவில்லை. தேம்பாவணியில் வளனின் ஐயத்தைத் தீர்க்க வானவர் கனவில் வருகிறார். தபரியின் ஏட்டில் அதைத் தீர்ப்பவர் மர்யமேதான்.